பர்மிங்ஹாம் வண்டியும் பட்டன் வண்டியும்

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தன் கொள்கை கௌரவமாகத் தோற்க வேண்டும் என்று ஹோரஸ் ட்ரான்டர் முடிவு செய்தார்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் பர்மிங்ஹாம் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் சங்கத் தலைவர். 'நம் வாசலில் அந்நிய வண்டி ஏறாது' என்று துண்டறிக்கை அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தவர். முதலாளிகள் லாபத்தோடு தப்பித்தார்கள். தொழிற்சாலை மூடியது. துண்டறிக்கை ஒரு கட்டு மிச்சம்.

இப்போது அவர் ஷெட்டில் இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள். ஒன்று, சொந்தத் தொழிலாளிகள் செய்த பர்மிங்ஹாம் வண்டி. மற்றது, தார்ப்பாய்க்கு அடியில், ஜப்பான் வண்டி. எதிரியை ஆராய வாங்கியது என்று தெருவுக்குச் சொல்லியிருந்தார். உண்மையில், பட்டனை அமுக்கினாலே அது கிளம்பும். எழுபத்திரண்டு வயது முழங்காலுக்கு அது சொர்க்கம். பர்மிங்ஹாம் வண்டியை உதைக்க வேண்டும். அது திருப்பி உதைக்கும்.

போன வாரம் மனைவி பெரில் வாயைத் திறந்தாள்.

"ஷெட்ல பாதி எனக்கு வேணும். தையல் மேசை போடணும். ஒரு வண்டிக்குத்தான் இடம்."

"ரெண்டையும் ஒப்பிட்டுத்தானே சொல்லணும், பெரில்? பழைய வண்டி சேர்த்து வைக்கிறவன் கண்ணு வேற, ஓட்டுறவன் கண்ணு வேற."

"தெருவே பார்க்க ஒப்பிடு. தோத்த வண்டி உனக்கில்ல. சம்மதமா?"

"சம்மதம்!"

சனிக்கிழமை மாலை, பர்மிங்ஹாம் வண்டியின் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் பாயிண்ட் முனைகளுக்கு நடுவே ஒரு காகிதத்தை மடித்துச் செருகினார். இனி தீப்பொறி வராது. வெட்கமில்லாமல் ஜப்பான் வண்டியை வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறன்று தெரு கூடியது. பக்கத்து வீட்டு நெவில் நடுவர்.

"சேர்த்து வைக்கிறவருக்கு எது?"

"பர்மிங்ஹாம்தான். வண்டிச் சட்டத்து நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒண்ணு, எல்லாம் அசல்!" தாராளமாக விட்டுக்கொடுத்தார் ஹோரஸ்.

"சரி, ஓட்டுறவருக்கு? எது முதல்ல கிளம்புதோ அதுக்கே வெற்றி."

ஜப்பான் வண்டி பட்டனுக்குக் கிளம்பியது. பர்மிங்ஹாம் வண்டி ஒன்பது உதைக்கும் அசையவில்லை.

"தோழரே, உங்க வண்டி வேலைநிறுத்தம் பண்ணுதே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஹோரஸ் தொப்பியைக் கழற்றினார். "மக்கள் தீர்ப்பு. தலைவணங்குறேன்."

"இரு," என்றாள் பெரில்.

அதே தொழிற்சாலையில் பாயிண்ட் பொருத்தும் மேசையில் ஒன்பது வருஷம் இருந்தவள் அவள். சங்கக் கூட்டத்தில் யாரும் அவளைப் பேசவிட்டதில்லை. அதனால் ஹோரஸுக்கு அது நினைவில்லை. பாயிண்ட் மூடியைத் திறந்து காகிதத்தை உருவினாள்.

"'நம் வாசலில் அந்நிய வண்டி ஏறாது.' உன் எழுத்துதானேய்யா?"

தெரு சிரித்தது. ஹோரஸ் மட்டும் வானத்தைப் பார்த்தார்.

பெரில் ஒரே உதை விட்டாள். பர்மிங்ஹாம் முழங்கியது.

"கோளாறு வண்டியில இல்ல!" நெவில் கையை உயர்த்தினார். "ஏமாத்தி ஜெயிச்சது செல்லாது. ரெண்டு கேள்வியிலயும் பர்மிங்ஹாம்தான்!"

பெரில் அதை அணைத்துவிட்டு ஜப்பான் வண்டியில் ஏறினாள்.

"அது... தோத்த வண்டி ஆச்சே?" ஹோரஸ் கைப்பிடியைப் பிடித்தார்.

"உனக்கில்லன்னுதானே பேச்சு? எனக்கு."

"தையல் மேசை?"

"குளிர்ற ஷெட்ல எவ உக்காந்து தைப்பா?"

பட்டனை அமுக்கிப் போய்விட்டாள். பின்னாலேயே போகலாம் என்று ஹோரஸ் உதைத்தார்.

பர்மிங்ஹாம் திருப்பி உதைத்தது.