எட்டுன்னா இரட்டைப்படை

எங்க வீட்டு மனுஷன் கெஞ்சோ முடி வெட்டிக்கப் போன கடையில ஒரு பத்திரிகை கிடந்துச்சாம். "குளிர்காலப் பண்டிகையை வீட்டிலேயே எளிமையாகக் கொண்டாடுங்கள்." தலையில முடி குறைஞ்சு ஞானம் ஏறி வந்து நின்னாரு.

"ஸ்தொய்னா! இந்த வருஷம் எல்லாம் எளிமை. பைன் காய் நாலு, ஆரஞ்சுத் தோல், ஒரு மெழுகுவத்தி. அவ்வளவுதான்."

"சாப்பாடு?"

"அதையும் யோசிச்சுட்டேன். கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரி பதார்த்தம் ஒத்தப்படையில இருக்கணும், அவ்வளவுதானே? ரொட்டி, உப்பு, பூண்டு, வெங்காயம், தேன், வால்நட், ஒயின். எண்ணிப் பாரு. ஏழு!"

உப்பை ஒரு பதார்த்தமா எண்ணின முதல் ஆம்பளை இவர்தான்னு நினைக்காதீங்க. இவரோட பெரியண்ணன் ஒருத்தரு தண்ணியை எண்ணினாரு. அவரு பொண்டாட்டி பிளவ்திவ் ஊர்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனவதான், ஈஸ்டருக்குத்தான் திரும்பினா. அது கிடக்கட்டும்.

நாப்பத்தோரு வருஷமா கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரிக்கு அடுப்பு முன்னால வெந்தவ நான். ஒரே ஒரு தடவையாவது உக்காந்து சாப்பிடணும்னு ஆசை.

"சரிங்க"ன்னேன்.

சண்டைக்கு நெஞ்சை நிமித்தி வந்தவரு காத்துப் போன பலூன் மாதிரி ஆயிட்டாரு.

கிறிஸ்துமஸ் முந்தின நாள் காலையில இருந்து விரதம். நான் கால் மேல கால் போட்டு காலுறை பின்னிட்டு இருந்தேன். மத்தியானம் கீழ்வீட்டு வெலிக்கா பீன்ஸ் வேகவச்சா. வாசனை மூணாம் மாடிக்கு ஏறி வந்து இவரு மூக்கைப் பிடிச்சு இழுத்துச்சு.

"ஸ்தொய்னா, கொஞ்சம் பீன்ஸ் மட்டும்..."

"வைங்களேன். எட்டு."

"என்ன எட்டு?"

"ஏழும் ஒண்ணும் எட்டு. இரட்டைப்படைப் பூ எங்க வைப்பாங்க? சாவு வீட்டுல."

"ஐயோ. அப்ப ஒண்ணை எடுத்துடலாம்."

"எடுங்க. ஒயினையா?"

"ஏய்!"

"உப்பையா?"

"உப்பில்லாம பீன்ஸை எப்படிடி தின்னறது?"

"அப்ப ஒண்ணைச் சேருங்க. முட்டைக்கோஸ் இலை உப்புத் தண்ணியில ஊறுது. அரிசியை வச்சுச் சுருட்டுங்க."

"நானா?"

"எளிமை உங்களோடது. காலுறை என்னோடது."

பீன்ஸை வேகவச்சுட்டு, கோஸைச் சுருட்டினாரு. ஒவ்வொண்ணும் கட்டுப் போட்ட கட்டைவிரல் மாதிரி. எங்க சித்தப்பா பையன் ஒருத்தன் விரல்ல அப்படித்தான் கட்டோட கல்யாணத்துக்கு வந்து, மோதிரம் ஏறாம, சாமியாரு... சரி, அதை விடுங்க. ஆக ஒன்பது.

மெழுகுவத்தி ஏத்தியாச்சு. உக்காந்தாச்சு. கதவைத் திறந்துட்டு வெலிக்கா வந்தா, கையில பூசணிக்காய் பணியாரத் தட்டு.

"அக்கா, சூடா இருக்கு!" வச்சுட்டு எனக்குக் கண்ணைக் காட்டிட்டு ஓடிட்டா. காலையில நான் சொன்ன நேரத்துக்குச் சரியாத்தான் வந்தா, தங்கம்.

கெஞ்சோ விரல் விட்டு எண்ணினாரு. மூஞ்சி வெளுத்துச்சு. "பத்து..."

"உலர்ந்த பிளம்ஸ் இருக்கு. வேகவச்சா பதினொண்ணு. எழுந்திரிங்க. ஆனா குனிஞ்சு!"

அந்த ராத்திரி சாப்பிட உக்காந்தப்புறம் எழுந்தா குனிஞ்சுதானே நடக்கணும்? நிமிந்தா கோழி அடை விட்டு எழுந்துடும்னு பெரியவங்க சொல்வாங்க.

"நமக்கு ஏதுடி கோழி? இது மூணாம் மாடி!"

"வெலிக்காவோட அம்மாவுக்கு இருக்கு. அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு?"

அடுப்பு முன்னால இருபது நிமிஷம் தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சு நின்னு கிண்டினாரு. நான் சூடா பீன்ஸ் சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாவே இருந்துச்சு.

மறுநாள் வெலிக்கா தன் புருஷனை இழுத்துட்டு வந்தா.

"அண்ணே, நீங்களா சமைச்சீங்க? இந்த மனுஷனுக்கு முட்டை உரிக்கத் தெரியாது. பாருய்யா, இவரைப் பாரு!"

கட்டில்ல முதுகுக்குச் சூட்டுப்பை வச்சுப் படுத்திருந்த எங்க வீட்டு மனுஷன் எழுந்து உக்காந்தாரு. மீசையை முறுக்கினாரு.

"இதென்ன பிரமாதம்? அடுத்த வருஷம் பாரும்மா. ரொட்டியில இருந்து பணியாரம் வரைக்கும் பதினொண்ணும் என் கையாலதான்!"

நான் காலுறையை எடுத்துப் பின்ன ஆரம்பிச்சேன். பதினொண்ணு ஒத்தப்படைதானே, விட்டுட்டேன்.