தலையணை சொன்ன சம்மதம்

அரைகுறையாகப் படித்த மனோதத்துவத்தைப் போல ஆபத்தான சாமான் ஒரு வீட்டில் இருக்கவே கூடாது. எங்கள் வீட்டில் இருந்தது. அதைப் படித்தவன் நான்.

வெள்ளிமலையில் அத்தாவுக்கு (எங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மளிகைக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. தபால் வழியில் சைகாலஜி சேர்ந்து, புத்தகத்தில் பாதி தாண்டியிருந்தேன். அந்தக் காலத்து கிரேக்க வைத்தியர்கள் உடம்பின் நான்கு திரவங்களை வைத்து மனிதர்களை நான்கு குணமாகப் பிரித்தார்களாம் (நம் வாத பித்த கபத்துக்கு ஒன்று கூட). போன நூற்றாண்டில் ஒரு சுவிஸ் டாக்டர், மனசு வெளியே பார்த்தால் வெளிமுகம், உள்ளே பார்த்தால் உள்முகம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் பதினாறு வகையாக்கினார்கள். நான் கடைக்குச் சாமை கொண்டுவந்தவர்களைக்கூட வகை பிரித்தேன்.

தங்கை நசீமாவுக்குச் சின்னசேலத்தில் மாப்பிள்ளை முடிவானது. அன்றோடு அவள் பேச்சு நின்றது.

"இன்னாடா, புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது?" என்று அத்தா கலங்கினார்.

"அவ உள்முக டைப்பு அத்தா. பேசலன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம்."

நிக்காஹ் அன்று காலையிலேயே மூடுபனி வீட்டுக்குள் வந்துவிட்டது. பெண்ணிடம் சம்மதம் கேட்டுவருவது என் பொறுப்பு. கன்னிப்பெண் வெட்கத்தில் பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கூட வந்த சாட்சிகளை வாசலிலேயே நிறுத்தினேன். (கூட்டத்தைப் பார்த்தால் உள்முகம் சுருங்கிவிடுமாம்!)

சன்னல் சாத்தியிருந்தது. கரண்ட் இல்லை. மூலையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கேட்டேன். பதில் இல்லை. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. பயத்தை மறைக்க சுவிஸ் டாக்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். என் குரலே வேறு யாரோ பேசுவதுபோல் சுவரில் பட்டுத் திரும்பியது. "சம்மதம்தானே?" என்றேன். தலை மெல்ல அசைந்தது.

பாதி ஓட்டமாக வெளியே வந்து, "சம்மதம்!" என்று அறிவித்தேன்.

"யாருண்ணே சொன்னது?"

கொல்லைப்புற வாசலில் நசீமா நின்றிருந்தாள், பனியில் நனைந்த தலையோடு. அப்படியானால் உள்ளே இருப்பது யார்?

அத்தாதான் உள்ளே போய்த் துப்பட்டியை இழுத்தார். பனி ஈரம் படாமலிருக்க யாரோ மூடிவைத்தது: ட்ரங்குப் பெட்டி மேல் சுருட்டிய சீர் மெத்தை, அதன் மேல் தலையணை.

"டீச்சர் படிப்ப முடிக்கணும்னு சொல்லத்தான் பயந்துக்கினு இருந்தேன். நீ மெத்தையாண்ட பேசிக்கினு இருக்க," என்று நசீமா அழுதாள்.

நிக்காஹ் நின்றது. அவள் படித்து டீச்சரானாள். பிறகு வேறொருவருக்கு, தெருவுக்கே கேட்கும்படி சம்மதம் சொன்னாள். முழுக்க உள்முகமோ முழுக்க வெளிமுகமோ யாருமில்லை என்று அந்த சுவிஸ் டாக்டரே சொல்லியிருக்கிறாராம். அது நான் படிக்காத பாதியில் இருந்தது. சாத்திய அறையில் அந்தத் தலை எப்படி அசைந்தது என்பது எந்தப் பாதியிலும் இல்லை.

இப்போதும் குடும்பத்தில் யாருக்கு நிக்காஹ் என்றாலும் நசீமா கேட்பாள்: "தலகாணியாண்ட கேட்டாச்சாண்ணே?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்த மூலையில் அவளே உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்திருந்தாலும், நான் வெளியே வந்து "சம்மதம்" என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்றும் முதுகு சில்லிடுகிறது.