ஓட்டைக் காட்டும் கண்ணாடி

ஊரே அந்தத் தகரக் கொட்டகையில்தான் கிடந்தது. உள்ளே கண்ணாடியார். அவருடைய கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தால் போதும், நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று புட்டுப்புட்டு வைப்பார். குடைச் சின்னத்துக்குப் போடாதவர் வீட்டில் பிள்ளைக்கு ஆகாதாம். குடைக்காரர், அதாவது நம் கவுன்சிலர், கொட்டகை போட்டுக் கொடுத்தது வெறும் பக்தியில்தான். நம்புங்கள் கண்ணுகளா!

மறுநாள் தேர்தல். வரிசையில் தையல்காரியும் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கடை வாசலில் திறந்துகிடந்த சாக்கடைக்கு மூடி கேட்டு மூன்று மனு கொடுத்திருந்தாள். மூடி வரவில்லை, பிள்ளைதான் விழுந்தாள். நெற்றியில் ஒன்பது தையல். இந்தத் தடவை எதிர்க்கட்சியின் ஏணிச் சின்னத்துக்குப் போடலாமென்றால், பிள்ளைக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

வாசலில் செருப்புக் காவலாளி எல்லோரிடமும் தேனாகப் பேசினான். பேசிவிட்டு, கண்ணாடியாருக்குத் தண்ணீர் கொண்டுபோனான். ஆளுக்கொரு தடவை தண்ணீர். மனிதருக்கு அப்படி என்ன தாகம்?

"அப்படியே சொல்லிட்டாருப்பா!" என்று வாயைப் பிளந்தபடி வெளியே வந்தார் பால்காரர். அவரும் காவலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனவர்தான். தையல்காரிக்குச் சுருக்கென்றது.

"அக்கா போன தடவை எதுக்குப் போட்டீங்க?" என்று அவளிடமும் கேட்டான் காவலாளி.

"ஏணிக்குத்தான் தம்பி."

தண்ணீர் உள்ளே போனது. பின்னாலேயே அவளும் போய் விரலை வைத்தாள்.

"ஏணி!" கண்ணாடியார் கண்ணை உருட்டினார். "அதான் பிள்ளை நெத்தியில தையல்!"

கூட்டம் நடுங்கியது.

"நல்லாப் பாருங்க ஐயா, ஏணிதானா?"

"கண்ணாடி பொய் சொல்லாது!"

"நான் அன்னைக்கு ஓட்டே போடல. இவளைப் பெத்துட்டு ஆஸ்பத்திரியில கிடந்தேன்."

"ஆமாய்யா, நான்தானே ஆட்டோவில கூட்டிட்டுப் போனேன்!" என்று எழுந்தாள் பக்கத்து வீட்டு அத்தை.

"அப்ப ஏணி எங்கேருந்து வந்துச்சு?" என்றார் பால்காரர்.

"வாசல்ல நான் சொன்ன பொய்ண்ணே. தண்ணியோட உள்ள வந்துடுச்சு."

சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. காவலாளி தன் செருப்பையே விட்டுவிட்டு ஓடினான். கண்ணாடியார் பின்வாசலைத் தேடினார். கவுன்சிலர் கட்டிய கொட்டகை. அதையும் வைக்க மறந்திருந்தார்.

விடிந்ததும் சாவடியில் தையல்காரிதான் முதல் ஆள். வெளியே வந்தவளிடம் அத்தை கிசுகிசுத்தாள். "எதுக்குடி போட்டே?"

"கண்ணாடியைப் போய்க் கேளு அத்தை!"

யாருக்கும் அஞ்சாமல் யோசித்து ஓட்டுப் போடு என்று அரசியல் சட்டம் நம்மை நம்பிக் கொடுத்த பொறுப்பு அந்த ஓட்டு. சாக்கடைக்கு மூடி போடாதது கவுன்சிலர் குற்றம். மூளைக்கு மூடி போட்டு வைத்திருந்தோமே, அது யார் குற்றம் கண்ணுகளா?