ஐந்து என்றால் முதலிலிருந்து

ஒழுங்குப்புலி என்றொரு விலங்கு உண்டு. காட்டில் தேடாதீர், மேசைக்குப் பின்னால் வசிக்கும், ரப்பர் முத்திரையைக் கொஞ்சும், வீடு தீப்பிடித்தால்கூட ‘தண்ணிக்கு மனு குடுத்தாச்சா?’ என்று கேட்கும். கடிக்காது. கடிக்கவும் அனுமதி வாங்க வேண்டுமே!

தேவிகுளம் பக்கத்து மேல் எஸ்டேட் ஆபீஸில் பைல் அனுப்பும் கிளார்க் அழகுமலை அசல் சாதி ஒழுங்குப்புலி. ஒரு தடவை சித்திரபுரம் பக்கத்துக் கீழ் எஸ்டேட்டுக்குப் பைல் மாறிப் போய், காவல்காரர் பெரியமுத்துவுக்குப் பிரசவ லீவு கிடைத்துவிட்டது. அவரும் எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மானேஜர் துரை ஒரு அட்டை அச்சடித்துவிட்டார். பைலை அனுப்பினாலும் கேட்டு வாங்கினாலும், பேசுகிறவர் முதலில் பெயர் சொல்ல வேண்டும். எதிராளி ‘ஒன்று’ என்பார். பிறகு அந்த வாரத்து ரகசியச் சொல். ‘இரண்டு’ என்றால் நம்பியாயிற்று. பைலின் பெயர், ‘மூன்று’ என்றால் நகரலாம். கைக்கு வந்துவிட்டால் ‘நான்கு’. எங்கே பிசகினாலும் ‘ஐந்து’. ஐந்து என்றால்? முதலிலிருந்து.

அழகுமலை வீட்டிலும் அப்படித்தான். மனைவி சாந்தம்மாள் சாப்பிடக் கூப்பிட்டால் ‘ஒன்று’. சோறு தட்டில் விழுந்தால் ‘நான்கு’. குழம்பில் உப்பில்லாவிட்டால் என்ன சொல்வார் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அந்தச் சனிக்கிழமை இந்தப் புலியின் முன்னால் கத்தரீனாள் நின்றாள். கல்யாணமாகி எட்டு மாதம். புருஷன் சூசையப்பன் கீழ் எஸ்டேட்டில், அவள் மேல் எஸ்டேட்டில், ஞாயிற்றுக்கிழமைப் புருஷன். இப்போது கீழே கொழுந்து பறிக்க ஓர் ஆள் வேண்டுமாம். அன்று ஆபீஸ் மூடுவதற்குள் அவள் பைல் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

அழகுமலை கீழ் எஸ்டேட்டுக்குப் போனைச் சுற்றினார். மழை. “அழகுமலை பேசுதேன்! ஒன்றா? சரி, ரகசியம்: சுக்குக்காப்பி! சுக்கு... கா... ப்பீ!” என்று அவர் கத்தியது தேயிலைச் சரிவு வரைக்கும் கேட்டது. கொரகொரப்பு.

“ஐந்து,” என்றார் தமக்குத்தாமே. மறுபடி சுற்றினார். நாலு தடவை. அப்புறம் கொரகொரப்பும் போய்விட்டது.

“ஐயா, பைலை என் கையில குடுங்க. நடந்தே போயிருதேன்.”

“நடக்கறதுக்கு அட்டையில நம்பர் இல்லம்மா.”

அந்த நேரத்தில் தேயிலை லாரியிலிருந்து சொட்டச்சொட்ட இறங்கினார் மத்தியாஸ், கீழ் எஸ்டேட் கிளார்க். “மரம் விழுந்து கம்பி அந்துபோச்சு அண்ணாச்சி. பைலக் குடுங்க, லாரி நிக்காது.”

“பெயர்?”

“பதினோரு வருசமா பேசுதோம்! மத்தியாஸுய்யா!”

“ஒன்று. ரகசியச் சொல்?”

மத்தியாஸ் தலையைச் சொறிந்தார். “சொல் எழுதின சீட்டு எம்மேசையில கெடக்கு.”

“அப்ப ஐந்து.”

வெளியே லாரி ஹாரன் அடித்தது. கத்தரீனாள் குறுக்கே புகுந்து கத்தினாள். “சுக்குக்காப்பி!”

அழகுமலை அட்டையை எடுத்தார். முன்னால் படித்தார், பின்னால் படித்தார். எந்த வாய் சொல்லவேண்டும் என்று துரை எழுதவில்லை.

“இரண்டு,” என்றார் கம்பீரமாக.

“கத்தரீனாள் பைல்!” என்றார் மத்தியாஸ்.

“மூன்று!”

பைலும் அவளும் ஒரே லாரியில் ஏறினார்கள்.

திங்கட்கிழமை கம்பியைக் கட்டினதும், மத்தியாஸிடம் கெஞ்சிப் போனை வாங்கினாள் கத்தரீனாள். “நான்கு, ஐயா. பைல் சனிக்கிழமையே வந்துட்டு. நாங்க ரெண்டு பேரும் ஒரே லயத்து வீட்டுல இருக்கோம்.”

அந்தப் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“அதுக்கு நம்பர் இல்லையேம்மா,” என்றார் அழகுமலை.

சிரித்தீரல்லவா? சரி, உம் வாசலில் ஒருத்தர் நனைந்துகொண்டு நிற்கிறார் என்று வையும். முதலில் துண்டை நீட்டுவீரா, ‘யாரு? என்ன வேணும்?’ என்பீரா?

யோசிக்கிறீரே!

ஐந்து.