த்ருவா நகரில் ஒரு சாம்பிள் அறை

தனியாகப் போவது என்று முடிவு செய்தேன்.

மனிதன் தனியாக வருகிறான், தனியாகப் போகிறான் என்று ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது மனைவியின் அக்கா இருந்ததாகக் குறிப்பு இல்லை. எனக்கு இருக்கிறார். பெயர் அமராவதி. காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருக்கிறார். நாங்கள் ஊட்டிக்குப் போனபோது கூட வந்தார். மூணாறுக்கும் வந்தார். கல்யாணமான புதிதில் நானும் கீதாஞ்சலியும் மட்டும் ஒகேனக்கல் போனோம். பரிசல் நகர்ந்த பிறகு கரையில் ஒரு குரல் கேட்டது. பரிசல்காரர் திருப்பினார். அமராவதி ஏறினார். "மாப்ள, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." அன்று தள்ளி உட்கார்ந்தவன், இன்னும் நேராக உட்காரவில்லை.

இந்த முறை பிரான்சு. திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் பனியன் யூனிட்டில் தைக்கும் குழந்தைத் துணிகளை வாங்கும் கம்பெனி த்ருவா என்ற பழைய நகரத்தில் இருக்கிறது. புது டிசைன் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை ஒரு காலைப் பொழுதோடு முடிந்துவிடும். திரும்பி வர விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்த தேதியோ ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரம் எனக்கு. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு தடித்த புத்தகம். தள்ளி உட்காரச் சொல்ல யாரும் கிடையாது.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் எழுதும்போது அதில் நிறைய எழுத்துகள் இருக்கும். சொல்லும்போது பாதி காணாமல் போகும். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். எல்லார் பெயரும் இருக்கும், பாதிப்பேர் வாயைத் திறக்கமாட்டார்கள். த்ருவாவும் ஒரு காலத்தில் பனியன் ஊர். நமக்கு முன்னாலேயே அங்கே பின்னலாடை தழைத்திருக்கிறது. அதற்கென ஓர் அருங்காட்சியகம்கூட உண்டு. இந்தச் செய்திகளை நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சாம்பிள். எங்கள் தொழிலில் ஆயிரக்கணக்கில் தைக்கும் முன் ஒன்றே ஒன்று தைத்து, வாங்கும் கம்பெனியின் பையருக்கு அனுப்புவோம். அவர் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார். அதன் பிறகு அதுதான் சட்டம். பொத்தான் ஒரு நூல் விலகினாலும் சரக்கு திரும்பி வரும். சாம்பிளில் இருப்பது சரக்கிலும் இருக்க வேண்டும். சாம்பிளில் இல்லாதது இருக்கக் கூடாது.

திருப்பூரின் அரசியல் சாசனம் இது. உச்ச நீதிமன்றம் என் மனைவி.

எங்கள் யூனிட்டில் ஃபைனல் செக்கிங் கீதாஞ்சலி பொறுப்பு. வீட்டிலும் அப்படியே. முறுக்குக்கு முதல் ஈடு சாம்பிள். ஜன்னல் திரைக்கு ஒரு கைக்குட்டை அகலத் துணி சாம்பிள். பெண் பார்க்கப் போன அன்று நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். இன்றுவரை எந்த விசேஷத்துக்கும் முழுக்கைதான். வெயிலைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ரூவ் பண்ணுனது அதுதானுங்க" என்றாள்.

எனவே ஓட்டலுக்கும் ஒப்புதல் வேண்டும். அங்கேதான் என் திட்டம் பிறந்தது. பார்த்ததும் "நான் வரலீங்க" என்று அவளே சொல்லும்படி ஒரு ஓட்டலைக் காட்டுவது. அவள் வராவிட்டால் அமராவதியும் வரமாட்டார். பிறகு ரகசியமாக வேறு நல்ல ஓட்டலில் தங்குவது. சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு. திருப்பூரில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. இப்போது டீக்கடை வைத்திருக்கிறார்கள்.

நல்ல ஓட்டல் முதலிலேயே கிடைத்தது. மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழங்காலத்து வீடு. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, விழவில்லை. எனக்கு அதனிடம் ஒரு சொந்தம் தோன்றியது. சீசன் தொடங்காததால் தள்ளுபடி வேறு. சத்தமில்லாமல் பதிவு செய்து, விசா வேலை பார்க்கும் குணாவுக்கு அனுப்பிவிட்டேன்.

மட்டமான ஓட்டலைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று அகப்பட்டது. படத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனேன்.

"ஏனுங்க, லிஃப்ட் இருக்குதுங்களா?"

"இல்ல கீதா. ரூமு அஞ்சாவது மாடி."

"பாத்ரூமு?"

"வெளிய. அந்த மாடிக்கே ஒண்ணுதான்."

"ஜன்னலு?"

"இருக்குது. தொறந்தா எதுத்த ஊட்டுச் செவுரு."

"செவுரு என்ன கலருங்க?"

இதற்குத்தான் நான் பயப்படுவேன். பெட்டியில் மேலே இருப்பதை அவள் எடுக்கமாட்டாள். நடுவில் கையை விட்டு ஒன்றை உருவுவாள். செக்கிங்கில் அதுதான் முறை.

"சாம்பல் கலர்" என்றேன்.

"போட்டோவுல ஜன்னல் சாத்தியிருக்குதுங்களே."

"தங்குனவங்க எழுதியிருந்தாங்க."

"செவுத்து கலரையுமா எழுதுவாங்க?"

"பிரெஞ்சுக்காரங்க கீதா. கலர்ல கவனமா இருப்பாங்க."

"ம்" என்றாள். அந்த 'ம்'மில் எத்தனையோ சரக்குகள் திரும்பிப் போயிருக்கின்றன.

"கட்டிலு?"

"ஒத்தைக் கட்டில். இரும்பு. ரெண்டாவது ஆளு நின்னுட்டுத்தான் தூங்கோணும்."

"தண்ணிங்க?"

"எந்தத் தண்ணி?"

"கேக்கற தினுசுலயே தெரியுதுங்க."

"கக்கூஸ்ல தொடைக்கற பேப்பர்தான்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

பக்கத்து வீட்டு மிக்ஸிகூட நின்றுவிட்டது.

"நான் தண்ணி மோந்துக்க ஒரு மக்கு கொண்டுபோயிக்கறேன். எனக்கென்ன, ஆம்பளை" என்றேன்.

"பாவமுங்க நீங்க" என்றாள்.

வெற்றி. அதோடு எழுந்து கை கழுவியிருக்க வேண்டும். நாலு புத்தகம் படித்தவனுக்கு வாய் நிற்காது.

"ஆனா ஊரு லேசுப்பட்ட ஊரில்ல. தங்கம் நிறுக்கற டிராய் அவுன்ஸ்னு ஒண்ணு இருக்குதல்ல? அந்தப் பேரே இந்த ஊர்ச் சந்தையில இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க."

"தங்கமுங்களா?"

"அது பழைய காலத்துல. இப்ப வெறும் பனியன்தான். மியூசியமே வெச்சிருக்காங்கன்னா பாரேன்."

"அக்காகிட்டச் சொன்னா சந்தோசப்படுவாங்க."

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "அக்காவுக்கு மூட்டுவலி. அஞ்சு மாடி கீதா."

"ஆமாங்க. அஞ்சு மாடி."

கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு, என்னிடம் சொல்வதாக இல்லாமல் சொன்னாள்: "எத்தனை கொளந்தைத் துணியைப் பாத்து அனுப்பியிருப்பேன். ஒண்ணாவது ஒரு கொளந்தை மேல கெடக்கறதை ஒருக்காப் பாக்கோணும்னு நெனச்சனுங்க. போச்சாது போங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பரிசல் கண்முன் வந்தது. மூடிக்கொண்டேன்.

அவள் படத்தை அட்டையில் ஒட்டினாள். பனியனில் தொங்கவிடும் டேக் ஒன்றை நூலில் கோத்துக் கட்டினாள். தன் கையெழுத்தைப் போட்டு என்னையும் போடச் சொன்னாள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள்.

"சீல் வெச்சாச்சுங்க. இதுல இருக்கறது இருக்கோணும். இல்லாதது இருக்கக் கூடாது."

"நம்ம ஊர் சட்டம்தானே" என்றேன். தாராளமாகச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குணா வீட்டுக்கே வந்தான். நான் கூப்பிடவில்லை. அவன் தோளில் பை, கையில் காகிதக் கட்டு. கீதாஞ்சலி காபி போட உள்ளே போனாள்.

"அண்ணா, ஒரு டவுட்டுங்ணா" என்றான், ஊருக்கே கேட்கும் குரலில்.

"முறுக்கு எடுத்துக்க குணா."

"எடுத்துட்டனுங்ணா."

"இன்னொண்ணு எடு. வாயில போடு."

போட்டான். மென்றான். விழுங்கினான். நான் கண்ணைக் காட்டினேன். "கண்ணுல தூசிங்களாண்ணா?" என்றான். அதற்குள் காபி வந்துவிட்டது.

"என்ன டவுட்டு குணா?" என்றாள் கீதாஞ்சலி.

"ஒண்ணுமில்லீங்க்கா. ஒரே ஆளு, ஒரே தேதி, ரெண்டு ஓட்டலு. அக்கா நீங்க ஒண்ணு அனுப்பியிருக்கீங்க, அண்ணா ஒண்ணு அனுப்பியிருக்காங்க. எம்பசில கேள்வி கேப்பாங்களே."

எம்பசி தூரத்தில் இருந்தது. எனக்குக் கேள்வி கேட்கிற இடம் எதிரிலேயே காபித் தட்டோடு நின்றது.

"நீ எப்ப அனுப்புன?" என்று கீதாஞ்சலியிடம் கேட்டேன்.

"சீல் ஆனதும் ஆர்டர் போடாம இருப்பாங்களா? பணமும் கட்டிட்டேன். திரும்ப வராத வகைங்க, அதுதான் சல்லிசு. ரெண்டாவது எது குணா?"

குணா நிதானமாக வாசித்தான். "பழைய மர ஊடுங்க்கா. ஜன்னல்ல நின்னா சர்ச்சு கோபுரம். ரூமுக்குள்ளயே பாத்ரூமு. படுத்துக் குளிக்கற தொட்டி. காலையில ரொட்டி, ஜாமு. படிக்கறதுக்குன்னு சாய்வு நாற்காலியாமா."

ஒவ்வொன்றும் ஒரு ஆணி. கீதாஞ்சலி என்னைப் பார்க்கவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள். அது நல்லதற்கில்லை.

மூளை பல பொய்களைத் தயாரித்தது. அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்தேன்.

"சர்ப்ரைஸ் கீதா. அது உனக்கு."

"எனக்குங்களா?"

"உனக்கேதான். கொளந்தைத் துணியைப் பாக்கோணும்னு ஆசைப்பட்டியல்ல?"

சொன்ன பிறகு யோசித்தேன். அப்படியொன்றும் நட்டமில்லை. அவள் வரட்டும். அந்த மர வீட்டில் இருவரும் தங்கலாம். விசாவுக்கு அவகாசம் குறைவு, அமராவதிக்குத் தெரிவதற்குள் விமானம் ஏறிவிடலாம். அக்கா இல்லாத கீதாஞ்சலியை நான் இதுவரை பார்த்ததில்லை. அதுவும் ஒரு புது ஊர்தான்.

"இவ்வளவு ஆசையாச் சொல்றீங்க, வேண்டாங்க முடியுமா? குணா, அந்தப் பாஸ்போட்டுக ரெண்டையும் எடு" என்றாள்.

ரெண்டா?

குணா பையில் கையை விட்டான். ஒன்று கீதாஞ்சலியுடையது. இன்னொன்றைத் திறந்ததும் அமராவதி என்னை முறைத்துப் பார்த்தார்.

"போன வாரமே குடுத்துட்டாங்கண்ணா."

"போன வாரமா? நான் இப்பத்தான சர்ப்ரைஸ்னு சொன்னேன்."

கீதாஞ்சலி முறுக்கை ஒடித்தாள். "தன்ற சரக்கு மட்டம், மட்டம்னு கூவி விக்கற யாவாரியை இந்தத் திருப்பூர்ல நான் பாத்ததில்லீங்க. கல்யாண மண்டபத்துல பாத்ரூம் தள்ளியிருக்குதுன்னு பந்தியில உக்காராமத் திரும்புன ஆளு நீங்க. அப்ப நல்ல பீஸு வேற பொட்டியில இருக்கோணுமல்லங்க? குணாகிட்டக் கேட்டேன். இருந்துச்சு."

"சரி, விடு. மூணு பேரும் மர ஊட்டுலயே..."

"அங்க ரூமுக்கு ரெண்டு பேருதானுங்ணா" என்றான் குணா. முறுக்குத் தட்டை அவனிடமிருந்து நகர்த்தினேன்.

"அப்ப நான்?"

அவள் ஃப்ரிட்ஜைக் காட்டினாள். டேக் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் என் கையெழுத்து அழகாக விழுந்திருந்தது.

அதே நேரம் என் செல்போன் அடித்தது. காங்கேயம்.

"மாப்ள, தங்கத்துக்கே பேரு குடுத்த ஊராமே? நீங்கதான் எடுத்துச் சொன்னீங்களாமா. படிச்ச மாப்ளை மாப்ளைதான்."

த்ருவா அழகான ஊர் என்று கேள்விப்பட்டேன். நான் தங்கிய இடத்திலிருந்து அது தெரியவில்லை. லிஃப்ட் இல்லை. கட்டில் இரும்பு. குளியலறை வெளியே, அதன் வாசலில் எப்போதும் ஒரு நெட்டைக்காரர் துண்டோடு நின்றார். ஜன்னலைத் திறந்தேன். எதிர்ச் சுவர் சாம்பல் நிறம். வாழ்க்கையில் நான் குத்துமதிப்பாகச் சொல்லிச் சரியாக இருந்த ஒரே விஷயம் அதுதான். தனிமை கேட்டிருந்தேன், குறைவில்லாமல் கிடைத்தது.

மறுநாள் காலை கீதாஞ்சலி வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் கோபுரம். சாய்வு நாற்காலியில் அமராவதி, தலை நிறைய எண்ணெய், கையில் ஜாம் தடவிய ரொட்டி.

"மாப்ள, சாப்டாச்சுங்களா?"

"இங்க அது கெடையாதுங்க."

"ஏனுங்க, நேத்து ஒரு கடையில ஒரு கொளந்தைங்க" என்றாள் கீதாஞ்சலி. "கோட்டைக் கழட்டுனாங்க. உள்ள நம்ம மஞ்சத் துணி. வாத்து போட்டது. நான் கையில புடிச்சுப் பாத்து அனுப்புனது. ஒரு தையல் பிரியலீங்க." அவள் கண் பளபளத்தது. போன் திரை மங்கலா, என் கண் மங்கலா தெரியவில்லை. இதற்காக அஞ்சு மாடி ஏறலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"உங்க ரூமு எப்படீங்க? சாம்பிள் மாதிரியே இருக்குதுங்களா?"

"ஒரு நூல் பிசகில்ல" என்றேன். "அது இருக்கட்டும் கீதா. என்ற பொட்டியில வெச்ச மக்கைக் காணமே. அவசரமா வேணும்."

"அது அக்கா பொட்டியில இருக்குதுங்க" என்றாள், அன்பாக. "உங்க சாம்பிள்ல மக்கு இல்லீங்களே."