கிழங்கை ஒடிக்கத் தெரிந்தவருக்கே பதவியாமே

மதிப்பிற்குரிய மச்சான் சுப்புராயன் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இருந்தாலும் முறை என்று ஒன்று இருப்பதால் முதலில் நலம் விசாரிக்கிறேன். விஜயலட்சுமி அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை எழில்மதி சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை நம் ஜவ்வரிசி ஆலைக்குக் கொள்முதல் மேலாளர் யார் என்று அறிவிக்கப் போகிறீர்கள். வேளாண்மையில் முதுகலைப் பட்டமும் அதற்கு மேல் ஆய்வுப் பட்டமும் பெற்று, பதினேழு வருடமாக உங்கள் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் நான் இருக்கும்போது, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன காசியம்மாளுக்கு அந்த நாற்காலி என்று வாட்ச்மேன் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். வெள்ளிமலையில் காடு காடாகப் போய் மரவள்ளி வாங்கி நமக்கு லோடு ஏற்றிவிடுகிற அந்த அம்மாவின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. ஆனால் நான் கிழங்கைத் தண்ணீர்த் தராசில் போட்டு, கணக்குப் போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அவர் கிழங்கைப் படக்கென்று ஒடித்து, உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்து, "இருவத்தேழு" என்கிறார். தராசும் இருபத்தேழு என்கிறது. ஒரே ஒரு தடவை இருபத்தாறு என்று காட்டக் கூடாதா என்று நான் அந்தத் தராசையே கும்பிட்டிருக்கிறேன். அது படித்தவன் பக்கம் நிற்கவில்லை.

தை மாதம் நடந்ததை நீங்கள் இன்னும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். மகளின் பிரசவத்துக்குக் காசியம்மாள் போயிருந்ததால் என்னை மலைக்கு அனுப்பினீர்கள். நான் முறைப்படிதான் செய்தேன். முதல் நாள் காலையிலேயே கிழங்கு முழுவதையும் பிடுங்கச் சொன்னேன், குவியல் குவியலாகப் பிரித்தேன், எண் போட்டேன், குலுக்கல் முறையில் மாதிரி எடுத்தேன், ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து நோட்டில் எழுதினேன். லாரி டிரைவர் இளமாறன், "சார், புடுங்கி ரெண்டு நாளாச்சு. லோடு ஏத்தாம இன்னாத்த எழுதிக்கினே கீறீங்க?" என்று கேட்டபோது, விஞ்ஞானத்தை அவசரப்படுத்த முடியாது என்று சொன்னேன். மூன்றாம் நாள் சாயங்காலம் லாரி மலை இறங்கி ஆலை வாசலுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, பேரன் பிறந்த மிட்டாயோடு காசியம்மாள் வந்து நிற்கிறார். லாரியிலிருந்து ஒரு கிழங்கை இழுத்து ஒடித்தார். உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு கோடாக ஓடியிருந்தது. "இன்னா சார், பொணத்தப் போட்டா எட பாத்துக்கினு இருந்தீங்க?" என்றார். சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள், இளமாறன் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தான், நீங்களும் சிரித்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

சிரித்ததோடு விட்டீர்களா? பிடுங்கிய மரவள்ளி இரண்டு நாளில் உள்ளுக்குள் கறுப்பது ஏன் என்பதுதான் என்னுடைய ஆய்வேடு, நூற்றுப் பன்னிரண்டு பக்கம், உங்கள் வீட்டு அலமாரியிலேயே ஒரு பிரதி இருக்கிறது என்பதை நினைவு வைத்திருந்து, அத்தனை பேர் முன்னால், "நீங்க எழுதனத நீங்களே படிக்கலீங்களா மாப்ள?" என்று கேட்டீர்கள். அந்தப் பிரதியின் மேல் ஊறுகாய் ஜாடி வைத்திருப்பதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் புதுமனைப் புகுவிழா அழைப்பிதழில் என் பட்டங்களை விட்டுவிட்டு வெறும் பெயரைப் போட்டதைப் பற்றியும் பேசியதில்லை. வீட்டில் சொல்லி ஆறுதல் தேடலாம் என்றால், உங்கள் தங்கை, "எங்கண்ணன் குடுக்கலன்னா வுடுங்க. வாரா வாரம் முத்தல் கத்திரிக்கா வாங்கியாற ஆளு, மலைல போயி இன்னாத்த வாங்கப் போறீங்க?" என்கிறாள். ரத்த பாசம் எந்தப் பக்கம் பேசும் என்பது எனக்குத் தெரியாததா?

ஆகவே இறுதியாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதவி உத்தரவு என் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றே ராஜினாமா. காசியம்மாளுக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்புங்கள். கேள்வித்தாளை நானே தயாரிக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மகள் செந்தமிழ்ச்செல்விக்கு மாமாவின் ஆசீர்வாதம். நன்றாகப் படிக்கச் சொல்லவும். உங்கள் ஆலையில் புகையும் உங்கள் மனதில் நியாயமும் குறையாதிருக்க வேண்டுகிறேன்.

பின்குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருப்பது வெள்ளிமலையில், காசியம்மாளின் களத்தில் உட்கார்ந்து. ஆறு ஞாயிறாக முதல் பஸ் பிடித்து வருகிறேன். எழில்மதியிடம் சங்கக் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லவும். முதல் வாரம் நாற்பது கிழங்கு ஒடித்ததில் நாலுதான் சரி. "நோட்ட மூடுங்க சார். அது கெழங்கத் தொட்டுப் பாக்குமா?" என்றார். இன்று முப்பத்தொன்று சரி. "பரவால்ல, இப்பத்தான் பள்ளிக்கொடத்துல சேந்துகீறீங்க" என்கிறார். பதிலுக்குக் கிழங்கு ஏன் கறுக்கிறது என்று என்னைக் கேட்டார். இரண்டு மணி நேரம் சொன்னேன், முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்படின்னா மேட்டுக்காட்டுக் கெழங்கு மட்டும் ஏன் சார் ஒரு நாளு ஜாஸ்தி தாங்குது?" என்றார். என் ஆய்வேட்டைப் பரிசோதித்த மூன்று பேராசிரியர்களும் கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

எனவே பதவியை அவருக்கே கொடுக்கவும். என்னை அவருக்குக் கீழே போடவும். அதை மட்டும் எழுத்து மூலமாகக் கொடுக்கவும். நீங்களே கேட்டாலும் ராஜினாமா செய்ய மாட்டேன்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன், மறுபடி மூடிவிட்டேன். நான் கையெழுத்திட்டுக் கொடுத்த பதினொரு கடிதங்களையும் "பாக்கலாம் மாப்ள" என்று மேஜை டிராயருக்குள் தள்ளினீர்கள். கேன்டீன் சாம்பாரைப் பற்றி யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசியை மட்டும் நின்றபடியே இரண்டு தடவை படித்து, அன்றைக்கே சமையல்காரரை மாற்றினீர்கள். அதனால் இதையும் கையெழுத்தில்லாமலேதான் தபாலில் போடுகிறேன்.