மோவாயில் மூன்று தையல்

யார் விழுந்தாலும் தூக்கிவிட நாலு பேர் ஓடிவருவார்கள். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி விழுந்தால் மட்டும் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். நான் விழுந்தது ஆயுத பூஜையன்று, திருஷ்டி கழித்து வாசலில் உடைத்த பூசணிக்காயின் மேல். "பார்த்து நடங்க" என்று பின்னால் வந்தவர்களிடம் திரும்பிச் சொன்னபடியே வழுக்கினேன். (விபத்து வரக்கூடாது என்றுதான் உடைத்தார்கள்.)

ராபர்ட்சன்பேட்டைக்கு வெளியே இருக்கும் எங்கள் சின்னத் தொழிற்சாலையில் அந்த வருடம் ஓர் ஏற்பாடு. பூஜை வரை யாருக்கும் மருத்துவச் சிகிச்சை தேவைப்படும் காயம் படாவிட்டால் ஆளுக்கொரு குக்கர். கழுவி பிளாஸ்டர் ஒட்டினால் அது முதலுதவி, கணக்கில் வராது. தையல் போட்டால் சிகிச்சை, குக்கர் போச்சு. இதை வருடம் முழுக்கப் பாடமாக நடத்தியவன் நான்தான். லேத் ஓட்டும் மாரிகுப்பம் செல்வி, புதுக் குக்கரை நம்பிப் பழையதைத் தங்கைக்குக் கொடுத்தே விட்டார்.

என் மோவாய் பிளந்திருந்தது. சட்டையில் இருப்பது குங்குமமா ரத்தமா என்று எனக்கே தெரியவில்லை. முதலுதவி அறை நர்ஸ் ஸ்டெல்லா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தையல் போட்டா நல்லது சார்."

"வேணாம் சிஸ்டர். டேப் ஒட்டி இழுத்துப் புடிங்க."

"நிக்கும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

தலையாட்டினேன். சட்டை மாற்றிக்கொண்டு வந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். மைக்கைக் கண்டால் சும்மா இருக்கிற ஜென்மமா நான்? "இந்த வருடம் நம் தொழிற்சாலையில் ஒரு காயம்கூட..." என்று ஆரம்பித்தேன். டேப் பிய்ந்து மைக்கில் ஒட்டிக்கொண்டது. புதுச் சட்டையும் நனைந்தது.

பக்கத்திலேயே குக்கர்கள் அடுக்கியிருந்தன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. செல்வி ஓடிவந்து, பூஜைக்கென்று எடுத்த புடவையின் முந்தானையால் என் மோவாயை அழுத்திப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்த பிறகும் நான் விடவில்லை. "டேப்பே போதும் டாக்டர், அங்க குக்கர்..." என்று இழுத்தேன்.

"சும்மா இருங்க சார்" என்றார் செல்வி. "தையல்னா தையல்னே எழுதுங்க. இன்னிக்கு உங்களுக்கு டேப்புன்னு எழுதினா, நாளைக்கு என் விரல் போனாலும் பிளாஸ்டருன்னு எழுதுவாங்க. அப்போ குக்கர வெச்சு இன்னா பண்றது?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் நடத்திய பாடம் எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. இப்படிப்பட்ட மனுஷியோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறோமே என்ற பிரமிப்பு இன்னும் தீரவில்லை. மூன்று தையல் போட்டார்கள். விபத்துப் பதிவேட்டில் சிகிச்சை என்றே எழுதினேன். குக்கர்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

திட்டும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். உறவுக்காரர் கல்யாணத்தில் நான் கொஞ்சம் நீட்டிப் பேச ஆரம்பித்தால் போதும், பந்தியின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்: "போதுங்க, தையல் பிரியப் போவுது."